நாலாம் நம்பர் அறையின் ரெண்டாம் பூச்சு

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. நஸ்ரின் மேடம் அனுப்பின ஆளுதானே நீங்க? காலையிலேயே போன் பண்ணிட்டாங்க. "அய்யா, கண்ணாடிக்குப் பக்கத்துல மாட்டுற பலகைக்கு வாசகம் எழுத மதுரையில இருந்து ஒரு தம்பி வர்றாரு, விவரம் சொல்லுங்க, அந்தக் காலத்து ஆளுன்னு நீங்க ஒருத்தர்தான் மிச்சம்"னாங்க. சொல்றேன். சொல்றதுல எனக்கு என்ன வந்துச்சு? ஒண்ணே ஒண்ணு, அந்தப் பேனாவை மேசையில தட்டாதீங்க. யோசிக்கும்போது எல்லாரும்தான் தட்டுறாங்க. இங்க தட்டாம யோசிக்கணும்.

அதோ போர்டு இருக்கு பாருங்க. செருப்பை வெளியே விடவும். செல்போனை அணைக்கவும். மேசையைத் தட்டக் கூடாது. மூணாவது நான் சேர்த்தது. படிக்க வர்ற பிள்ளைங்க எனக்குப் பேரே 'தட்டாதே தாத்தா'ன்னு வச்சிருக்குதுங்க. வச்சுட்டுப் போகட்டும். படிக்கிற இடம்னா அமைதி வேணுமா இல்லையா? அதுக்காகத்தான் சொல்றேன். வேற ஒண்ணும் கிடையாது.

இந்தக் கட்டடத்தை முன்னாடி பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. பரமனூர் கிளைச் சிறை. வெள்ளைக்காரன் கட்டினது, நூத்தி முப்பது வருஷம் ஆச்சு. ஆறே அறை, நடுவுல முற்றம், பின்னாடி சமையக்கட்டு, முன்னாடி இந்த வராந்தா. இருபத்திரெண்டு வருஷம் நான் இங்க வார்டர். ஜெயிலை மூடினதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் வௌவால்தான் குடியிருந்துச்சு. இடிச்சுட்டுக் கடை கட்டணும்னு ஒரு கூட்டம் நின்னுச்சு. அப்பத்தான் நஸ்ரின் மேடம் வந்தாங்க. பழைய கட்டடத்தை இடிக்காம, ஊருக்கு உபயோகமா மாத்துறது அவங்க வேலை. சின்ன வயசுதான், ஆனா கெட்டிக்காரப் பொண்ணு. கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்து அனுமதி வாங்குச்சு. இப்பப் பாருங்க. மூணு அறை படிக்கிறதுக்கு, ரெண்டு அறை நிறையப் புத்தகம். போன வருஷம் இங்க உட்கார்ந்து படிச்ச ஒன்பது பிள்ளைங்க கவர்ன்மென்ட் வேலைக்குப் போயிருக்கு. சமையக்கட்டுல மகளிர் குழுப் பொம்பளைங்க மதியச் சாப்பாடு பண்றாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு முற்றத்துல, எழுத்து தெரியாத பெரியவங்களுக்கு வகுப்பு. திருட்டுப் பயலைப் பூட்டி வச்ச இடத்துல இப்ப ஊரே வந்து உட்காருது. சந்தோசம்தானே?

எனக்கும் சந்தோசம்தான். இல்லேன்னா பென்ஷன் வாங்கிட்டு வீட்டுல கால் நீட்டிக் கிடக்க வேண்டியவன், இங்க வந்து சாவியைக் கையில வச்சுக்கிட்டு உட்காருவேனா? யாரும் என்னைக் கூப்பிடலை. வேலை ஆரம்பிச்ச அன்னிக்கே நானா வந்து நின்னேன். "இந்தக் கட்டடத்துல எந்தச் சுவரு எப்படின்னு எனக்குத் தெரியும் மேடம், கூடமாட இருக்கேன்"னேன். அந்தப் பொண்ணுக்கு ரொம்பச் சந்தோசம். ஆறுல ஒரு அறை மிச்சம் இருக்கேங்கிறீங்களா? ஆமா. நாலாம் நம்பர். அதைச் சாமான் போடுற ரூமா வச்சுக்கலாம்னு நான்தான் யோசனை சொன்னேன். விளக்குமாறு, வாளி, உடைஞ்ச பெஞ்சு இதெல்லாம் எங்க வைக்கிறது? ஒரு ரூம் வேணும்ல? சுவரு வேற பொரிஞ்சு கிடக்கு, என் கைக்காசைப் போட்டு சிமெண்ட் பூசித் தர்றேன்னும் சொன்னேன். மேடம் சிரிச்சுட்டாங்க. "சிமெண்டா? அய்யா, இந்தச் சுவத்துக்கு அது விஷம். மூச்சு விட முடியாமப் போயிரும்"னாங்க.

அப்படித்தான் சொன்னாங்க. சுவரு மூச்சு விடும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்.

அவங்க வேலை பண்ற விதத்தை நீங்க பாக்கணும் தம்பி. நம்ம ஆளுங்கன்னா கொத்துக்கரண்டியை வச்சுச் சுரண்டித் தள்ளிடுவான். இவங்க டாக்டர் வச்சிருக்கிற மாதிரி ஒரு சின்னக் கத்தி, ஒரு ஸ்ப்ரே பாட்டில். தண்ணியைப் பீச்சிப் பீச்சி ஒவ்வொரு பூச்சா உரிக்கிறாங்க. ஜெயில்ல வருஷா வருஷம் இன்ஸ்பெக்சனுக்கு முந்தி வெள்ளையடிப்போம். ஒரு வருஷத்துக்கு ஒரு பூச்சு. மேல இருந்து எண்ணிக்கிட்டே போனா எந்தப் பூச்சு எந்த வருஷம்னு சொல்லிரலாமாம். சுண்ணாம்பு அடிச்சா அடிச்சதுதான், அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தவன் நான்.

ஒரு நாள் நாலாம் நம்பருக்குள்ள இருந்து கூப்பிட்டாங்க. "அய்யா, இங்க வாங்களேன். எல்லா அறையிலயும் வருஷத்துக்கு ஒரு பூச்சுதான் இருக்கு. இங்க மட்டும் தொண்ணூத்தெட்டாம் வருஷத்துக்கு ரெண்டு பூச்சு இருக்கே? அதுவும் சுவரு முழுக்க இல்லை, கதவு பக்கம் இடுப்பு உசரத்துக்குக் கீழே மட்டும். சுண்ணாம்புல கலக்குற நீலம் வேற தூக்கலா விழுந்திருக்கு. ஏன்?"

"ஈரம் ஊறியிருக்கும் மேடம்"னேன்.

"ஈரத்துக்கு மேல சுண்ணாம்பு நிக்காதே அய்யா"ன்னுட்டுக் கத்தியை எடுத்துச்சு அந்தப் பொண்ணு.

மூணு நாள் உரிச்சாங்க. நான் வராந்தாவுல இதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன், உள்ளே போகலை. மூணாம் நாள் மதியம் "அய்யா!"ன்னு ஒரு சத்தம். போய்ப் பாத்தேன். பாக்காமலே எனக்குத் தெரியும், இருந்தாலும் போய்ப் பாத்தேன். பிறை பிறையா நாப்பத்தோரு வெட்டு. சுண்ணாம்பு ஈரமா இருக்கும்போது ஏதோ விளிம்பு பட்டு விழுந்த வெட்டு. மேல கொஞ்சம் ஆழமா இருக்கு. கீழே வர வர லேசாப் போகுது. கடைசி நாலஞ்சு நகம் பட்ட மாதிரிதான் தெரியும்.

"என்னய்யா இது? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"நாள் எண்ணியிருப்பான் மேடம். கைதிங்க அப்படித்தான், சுவத்துல கோடு போட்டு நாள் எண்ணுவாங்க"ன்னேன். சட்டுனு வாயில வந்துருச்சு. மேடத்துக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. "எவ்வளவு ஏங்கியிருப்பாரு பாருங்க"ன்னு சொல்லி, அதைத் தொடாம அப்படியே கண்ணாடி போட்டுக் காப்பாத்தணும், ரெண்டு நாற்காலி போடணும், படிக்கிற பிள்ளைங்க பாக்கணும்னுட்டாங்க. அந்தக் கண்ணாடிக்குத்தான் இப்ப நீங்க வாசகம் எழுத வந்திருக்கீங்க. ஞாயித்துக்கிழமை திறப்பு.

டீ சொல்லட்டுமா? வேண்டாமா. சரி.

தொண்ணூத்தெட்டாம் வருஷம் என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. அன்னிக்கு வெள்ளையடிப்பு. மறுநாள் காலையில பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்சன். எட்டுக் கைதி இருந்தாங்க. வெள்ளையடிக்கிறது அவங்கதான், வெளியாளு வைக்க மாட்டோம். அதுல உடையப்பன்னு ஒருத்தன். மழையில்லாத வருஷம், கண்மாய்த் தண்ணிக்கு அடிதடி. முறை வர்றதுக்கு முன்னாடி மடையைத் திறந்துட்டான்னு இவன் மேல கேசு. வந்து எட்டு நாள் ஆகியிருந்துச்சு. இவனுக்கு இழுப்பு. சுண்ணாம்புத் தூசி ஆகாது, வேலைக்கு விட முடியாது. அதனால நாலாம் நம்பர்ல காலையில அவசர அவசரமா ஒரு பூச்சு அடிச்சுட்டு, அவனை உள்ளே விட்டுப் பூட்டியாச்சு. நான் பூட்டலை, பெரிய வார்டர் பூட்டினாரு. பூட்டிட்டு, ஆபீசருக்கு மாலை, பழம் வாங்க டவுனுக்குப் போயிட்டாரு. சாவி என் இடுப்புல.

சுண்ணாம்பு தாளிக்கிறது பாத்திருக்கீங்களா? குழியில கல்லுச் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணியை ஊத்தினா அடுப்பே இல்லாமக் கொதிக்கும். புகையும் ஆவியுமா எந்திரிக்கும். அந்தக் குழியை நாலாம் நம்பர் ஜன்னலுக்கு நேரா வெட்டியிருந்தோம். வருஷா வருஷம் அங்கதான் வெட்டுவோம், தண்ணிக் குழாய் பக்கம்னு. உள்ளே ஆளு இருக்கான்னு யாருக்கும் தோணலை. அதை யாரு மேல போட்டுக் குத்தம் சொல்றது?

மதியம் ரெண்டு மணிக்கு அவன் பொஞ்சாதி வந்துச்சு. இருளாயின்னு பேரு. இழுப்பு மாத்திரையை ஒரு சுருக்குப் பையில போட்டுக் கொண்டாந்துச்சு. வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டேன். வெளியில இருந்து வர்ற எதையும் பெரிய வார்டர் பாத்துட்டுத்தான் உள்ளே குடுக்கணும். விதி. இந்த மேசையிலதான் வச்சேன், இதே மேசைதான், மேடம் பாலிஷ் போட்டு வச்சிருக்காங்க. "அரை மணி நேரத்துல வந்துருவாரு, குடுத்துருவோம், நீ மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சுப் போ"ன்னு அனுப்பிட்டேன்.

அந்நேரம் தட்ட ஆரம்பிச்சான். அலுமினியத் தட்டை வச்சுக் கம்பியில தட்டினான்.

தம்பி, ஜெயில்ல தட்டுறது புதுசு இல்லை. தண்ணிக்குத் தட்டுவான், பீடிக்குத் தட்டுவான், சும்மா இருக்க முடியாமத் தட்டுவான். தட்டினவனுக்கெல்லாம் எந்திரிச்சுப் போனா வார்டர் பொழப்பு என்ன ஆகுறது? இருந்தாலும் நான் போய்ப் பாத்தேன். அதைச் சொல்லணும்ல. ஒரு தடவை போய்ப் பாத்தேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். வாயைத் திறக்குறான், பேச்சு வரலை. கையால நெஞ்சைக் காட்டி, அப்புறம் பூட்டைக் காட்டினான். "பெரியவரு வரட்டும்யா, இப்ப வந்துருவாரு"ன்னேன். ஏன்னா எங்க ஜெயில்ல ரெண்டு பேர் இல்லாம அறையைத் திறக்கக் கூடாது. ஒத்தை ஆளாத் திறந்து எவனாவது தப்பிச்சுட்டா வேலை போயிரும். எனக்கு அப்பத்தான் ரெண்டாவது பொண்ணு பொறந்திருந்துச்சு.

இன்னொரு வார்டர் இல்லையான்னு கேக்குறீங்களா? இருந்தான். பின்பக்கச் சுவத்துல ஏழு பேரை வச்சு வேலை வாங்கிக்கிட்டிருந்தான். அவனைக் கூப்பிட்டா அந்த ஏழு பேரை யாரு பாக்குறது? கூப்பிட்டிருக்கலாம்னு நீங்க இப்ப லேசாச் சொல்லிருவீங்க. அந்த ஏழு பேரையும் உள்ளே போட்டுப் பூட்டிட்டு அவன் வந்திருக்கலாம். கால் மணி நேர வேலை. ஆனா இன்ஸ்பெக்சன் மறுநாள் காலையில, பின்பக்கம் பாதிச் சுவரு பாக்கி. அதையெல்லாம் யோசிக்கணும்ல.

நான் இங்க வந்து உட்கார்ந்துட்டேன். கம்பிச் சத்தம் நின்னு, வேற மாதிரி கேட்டுச்சு. மொத்தையா. தட்டு விளிம்பை வச்சுச் சுவத்துல தட்டுறான்னு புரிஞ்சுது. உட்கார்ந்துட்டான் போல. கொஞ்ச நேரம் தட்டுறது, கொஞ்ச நேரம் நிக்கிறது. நின்னா, சரி தூங்கிட்டான்னு நெனப்பேன். மறுபடியும் ஒண்ணு கேக்கும். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு. அப்புறம் கேக்கலை. எனக்கு, மறைக்காமச் சொல்றேன், அப்பாடான்னு இருந்துச்சு.

பெரிய வார்டர் நாலரைக்கு வந்தாரு. திறந்தோம். கதவோரமா சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தான், தட்டு மடியில இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. போற வழியில இறந்ததா எழுதினாங்க. நான் எழுதலை. பெரியவர் போகும்போது என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, "அந்தச் சுவத்துல ஒரு கை அடிச்சு விட்டுரு"ன்னு. அடிச்சேன். அவசரத்துல நீலம் தூக்கலாக் கொட்டிருச்சு. அந்தச் சுருக்குப் பை மேசை மேலேயே கிடந்துச்சு. அதை என்ன பண்றதுன்னு தெரியலை. மாத்திரையைச் சுண்ணாம்பு வாளியிலேயே கொட்டிட்டேன். கரைஞ்சிருச்சு. அதையுஞ் சேத்துத்தான் அடிச்சேன். மேடம் உரிச்சாங்களே ரெண்டாம் பூச்சு, அதுல அதுவும் இருந்துச்சு. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. இதையெல்லாம் நீங்க எழுத வேண்டாம்.

மறுநாள் இன்ஸ்பெக்சன் நல்லபடியா நடந்துச்சு. சுவரெல்லாம் பளிச்சுன்னு இருக்குன்னு ஆபீசர் பாராட்டிட்டுப் போனாரு.

இருளாயி வந்து அழுதுச்சு. "மாத்திரையைக் குடுத்தீகளா வார்டரய்யா?"ன்னு அது ஒண்ணைத்தான் கேட்டுச்சு. "குடுத்தேம்மா, உடனே குடுத்தேன், அவன் நேரம் முடிஞ்சு போச்சு"ன்னேன். அந்த நேரத்துல வேற என்ன சொல்றது? ஒரு ஆறுதலுக்குச் சொன்னது. அது காலைத் தொட்டுக் கும்பிட்டுச்சு தம்பி. தடுத்தேன், கேக்கலை.

இப்ப விதியைப் பாருங்க. இங்க சமைக்க வந்த மகளிர் குழுவுல அந்தம்மாவும் ஒண்ணு. முதல் நாள் சமையக்கட்டு வாசல்ல என்னைப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "எங்க வீட்டுக்காரருக்குக் கடைசி மாத்திரையைக் குடுத்த மகராசன் இவுகதான்"னு கூட இருந்த பொம்பளைங்ககிட்டச் சொல்லுச்சு. அன்னையில இருந்து ஒன்றரை வருஷமா எனக்கு மதியச் சாப்பாடு அந்தம்மாதான் கொண்டாந்து வைக்கும். மீன் குழம்புன்னா எனக்கு நடுத்துண்டு. வேண்டாம்னாலும் விடாது. எல்லாருக்கும் தட்டுலதான் போட்டுக்கிட்டிருந்தாங்க. நான்தான் வாழை இலைக்கு மாத்தச் சொல்லிப் பிடிவாதம் பிடிச்சேன். தட்டுக் கழுவத் தண்ணி செலவு, இந்த ஊர்ல தண்ணி ஏது? பிள்ளைங்க சாப்பிட்டுத் தட்டை டொக்கு டொக்குன்னு அடுக்குறதைக் கேட்டா எனக்கு இங்க, நெஞ்சுக்குள்ள, எந்திரிச்சு ஓடணும் போல இருக்கும். அது வயசுக் கோளாறு. பிரஷர்.

ரெண்டு மணிக்கு மேல மூணு மணி வரைக்கும் நான் இந்த வராந்தாவுல இருக்க மாட்டேன், தெரு முக்கு டீக்கடைக்குப் போயிருவேன். அங்கயும் கிளாஸைத் தட்டுவான் அந்த டீ ஆத்துற பய.

சாயங்கால வகுப்புன்னு சொன்னேன்ல, அதுல அந்தம்மா சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. அம்பத்தேழு வயசு. கை நாட்டு வச்ச விரலை இப்ப எழுத்து மேல வச்சு நகட்டுது. நான்தான் உற்சாகப்படுத்தினேன். "படி இருளாயி, படிப்புக்கு வயசு உண்டா?"ன்னேன். கடைப் போர்டு, பஸ் போர்டு, தீப்பெட்டி எதையும் விடாது. எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி, முழுச் சொல்லு வந்ததும் பச்சைப் பிள்ளையாட்டம் ஒரு சிரிப்பு சிரிக்கும்.

போன வாரம் மேடம் ஒரு பேப்பர்ல பலகைக்கு மாதிரி வாசகம் எழுதி அந்தக் கண்ணாடி மேல ஒட்டிட்டுப் போயிருந்தாங்க. 'அறை எண் நான்கு. 1998. பெயர் தெரியாத ஒரு கைதி நாள் எண்ணிய கோடுகள்.' இவ்வளவுதான். நேத்து மதியம் அந்தம்மா இலையைக் கொண்டாந்து வச்சுட்டுப் போகலை. நாலாம் நம்பருக்குள்ள போய் நின்னுச்சு. நான் இங்க இருந்து பாத்துக்கிட்டிருக்கேன். விரலை வச்சு, வாயை அசைச்சு, அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். அப்புறம் கண்ணாடியில விரலை வச்சு ஒண்ணொண்ணா எண்ணுச்சு.

வெளியே வந்து என் முன்னாடி நின்னுச்சு. "வார்டரய்யா, அவுக இருந்தது நாலாம் நம்பர்தானே?"

"ஆமா."

"தொண்ணூத்தெட்டுதானே?"

"அப்படித்தான் நெனைக்கிறேன்."

"எட்டு நாள்தானே இருந்தாக? நாப்பத்தொண்ணு இருக்கே."

வேற எவனாவது போட்டிருப்பான்னேன். அந்த வருஷம் பூரா எத்தனை பேரு வந்து போறான், அதுல எவனோன்னேன். அந்தம்மா கோவப்படலை. கத்தியிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். சமையக்கட்டுக்குப் போய் ஒரு தட்டை எடுத்தாந்து என் கையில குடுத்துச்சு. பரண்ல போட்டிருந்த பழைய தட்டு.

"நீங்க உள்ளே போய்த் தட்டுங்க வார்டரய்யா. நான் வாசல்ல நின்னு கேக்குறேன்"னுச்சு.

"என்னத்துக்கு?"

"தட்டுங்க."

மதியம் ரெண்டரை இருக்கும், நான் டீக்கடைக்குப் போயிருக்க வேண்டிய நேரம். பிள்ளைங்க எல்லாம் தலையைத் தூக்கிப் பாக்குதுங்க. நான் எந்திரிச்சுப் போனேன். ஏன் போனேன்னு எனக்கே தெரியலை. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? யாரு கேட்டிருப்பா? இருபத்திரெண்டு வருஷம் வேலை பாத்திருக்கேன், அன்னிக்குச் சுண்ணாம்பு அடிச்சதைத் தவிர ஒரு நாள் கூட அந்த அறைக்குள்ள தனியா நின்னதில்லை. கம்பியில தட்டினேன். முதல் தட்டு சும்மா லேசா. அப்புறம் கொஞ்சம் பலமா. கீழே உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பக்கத்துல வெறுஞ்சுவத்துல தட்டினேன். அந்தச் சத்தம், தம்பி. இருபத்தாறு வருஷமா நான் வெளியில இருந்து கேட்டுக்கிட்டிருந்த சத்தம் உள்ளே இருந்து வேற மாதிரி இருக்கு. உள்ளே ரொம்பப் பெருசா இருக்கு. இது எப்படி வெளியில கேக்காமப் போகும்னு நெனைக்கிற அளவுக்குப் பெருசு. பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, கதவு பப்பரப்பான்னு திறந்து கிடக்கு. எனக்கு மூச்சு முட்டிருச்சு. எத்தனை தட்டினேன்னு தெரியலை. ஒரு பொண்ணு வந்துதான் கையைப் பிடிச்சு எழுப்பி விட்டுச்சு.

வாசலுக்கு வந்தேன். அந்தம்மா புங்க மரத்தடியில தரையில உட்கார்ந்திருந்துச்சு. "கேட்டுச்சா?"ன்னேன். இதைத்தான் கேக்கத் தோணுச்சு எனக்கு.

"அன்னிக்கும் கேட்டுச்சு"ன்னுச்சு. "மூணு மணி பஸ்ஸுக்கு இதே மரத்தடியிலதான் உட்கார்ந்திருந்தேன். அது என்ன சத்தம்யான்னு உங்களைக் கேட்டேன். சுண்ணாம்பு டின்னைத் தட்டுறாகன்னு சொன்னீக. நானும் நம்பிப் பஸ் ஏறிட்டேன். என்னையத்தான் கூப்பிட்டிருக்காக போல. நான் பஸ் ஏறிட்டேன் வார்டரய்யா."

சத்தியமா அது எனக்கு மறந்தே போச்சு தம்பி. கேட்டுச்சா, நான் அப்படிச் சொன்னேனா, ஒண்ணும் ஞாபகமில்லை. அந்தம்மா சொன்னதுக்கப்புறம்தான், ஆமா, சொன்னேன்னு வருது.

மாத்திரையைப் பத்திக் கேக்கும்னு நின்னேன். கேக்கலை. எந்திரிச்சுச் சேலையைத் தட்டிக்கிட்டு, "அந்தப் பலகையில எழுத ஆளு வர்றாகளாமே? என்ன எழுதுறாகளோ நான் படிப்பேன்"னு சொல்லிட்டுச் சமையக்கட்டுக்குப் போயிருச்சு. அவ்வளவுதான். கோவமெல்லாம் ஒண்ணும் இல்லேன்னுதான் நெனைக்கிறேன். இன்னிக்கும் எனக்கு இலை வந்துச்சு. வேற பொம்பளை கொண்டாந்துச்சு. அந்தம்மாவுக்கு வேலை இருந்திருக்கும். நான்தான் சாப்பிடலை.

காலையில இருந்து நானே நாலஞ்சு விதமா எழுதிப் பாத்தேன். இந்தாங்க, பாருங்க. 'மருத்துவ உதவி கிடைப்பதில் ஏற்பட்ட தாமதத்தால் இங்கு ஒரு கைதி உயிர் நீத்தார்.' நல்லாத்தான் இருக்கு, மரியாதையா இருக்கு. மேடத்துக்குப் பிடிக்கும். இன்னொண்ணு, 'அன்றைய சிறை விதிகளின்படி அறை திறக்கப்பட இயலாத சூழ்நிலையில்'. அதுவும் உண்மைதானே? ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனா இதை அந்தம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறதை நெனச்சுப் பாத்தேன். தி-ற-க்-க-ப்-ப-ட-ன்னு விரலை வச்சு நகட்டி, முழுச் சொல்லு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பாக்கும். அர்த்தம் என்னன்னு கேக்கும். அதுக்கு நான் ஒரு அர்த்தம் சொல்லணும். இன்னும் எத்தனைக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டிருக்கிறது?

சின்னச் சின்னச் சொல்லாப் போடுங்க தம்பி. எழுதிக்கங்க. 'உடையப்பன் மூச்சு முட்டித் தட்டினார். திறக்கவில்லை.' போதும். இதுக்கு மேல என்ன வேணும்? முடிஞ்சுது.

ஏன் எழுதாமப் பாக்குறீங்க?

யாரு திறக்கலைன்னா? அதெல்லாம் எதுக்குங்க. படிக்கிறவங்களுக்குத் தெரியாதா என்ன. ஜெயிலுன்னா வார்டர் இருப்பான், வார்டர்கிட்டச் சாவி இருக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

தெரியாதா?

சரி, எழுதுங்க. பூவலிங்கம். வார்டர் பூவலிங்கம் திறக்கவில்லை. சாவி அவரிடம் இருந்தது. அவரிடம்னு வேண்டாம், அவனிடம்னே போடுங்க. எழுத்தைக் கொஞ்சம் பெருசாவே போடுங்க தம்பி. அவங்க விரலை வச்சுத்தான் படிப்பாங்க.